போதை ஊசி போடுவோரிடையே ஹெபடைடிஸ் சி ஏன் எளிதில் பரவுகிறது?

ஹெபடைடிஸ் சி என்பது இரத்தத்தின் வழியே பரவிக் கல்லீரலைத் தாக்கும் வைரஸ் தொற்று. ஒருவர் போட்டுக்கொண்ட ஊசியின் குழலுக்குள் கண்ணுக்குத் தெரியாத அளவு இரத்தம் தங்கிவிடும். அதில் இந்த வைரஸ் பல நாட்கள், சில வேளைகளில் வாரக்கணக்கில்கூட உயிர்ப்புடன் இருக்கும். திருப்பூர்ச் சாயப்பட்டறையில் கருநீலம் ஓடிய தொட்டியைப் பெயருக்கு அலசிவிட்டு வெள்ளைத் துணியை இறக்கினால் கறை ஏறுவதைப் போலவே, தண்ணீரில் கழுவிய ஊசியும் அடுத்தவருக்குத் தொற்றைக் கடத்தும். போதைப்பொருளைக் கரைக்கும் கரண்டி, அதை வடிகட்டும் பஞ்சு, பொதுவாக எடுக்கும் தண்ணீர் ஆகியவற்றாலும் அது பரவும் என்பதை, ஊசியை மட்டும் மாற்றிக்கொள்வோர் கவனிக்கத் தவறுகிறார்கள். எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான்.

தடுப்பூசி இல்லை. ஆனால் பெரும்பாலோருக்கு 12 வார மாத்திரையிலேயே முழுமையாகக் குணமாகும். இந்தியாவில் 2018இல் தொடங்கிய தேசிய வைரஸ் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் மையங்களில் அந்தச் சிகிச்சை இலவசம்.

கண் மஞ்சளாகாததால் தொற்று இல்லை என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் பெரும்பாலோருக்குப் பல ஆண்டுகள் எந்த அறிகுறியும் இராது, இரத்தப் பரிசோதனையில்தான் தெரியவரும்.