அம்மாவுக்கு ஜன்னல் சீட் வேணாம்

கேள்வி: எங்கம்மாவுக்கு 66 வயசு, சுகர், பிபி ரெண்டும் இருக்கு. அடுத்த மாசம் டல்லாஸ்ல இருக்கற அண்ணன் வீட்டுக்கு தனியா போறாங்க, துபாய்ல மாறணும். திருப்பதி பஸ்ல போனாலே பாத்ரூம் போகணுமேன்னு தண்ணி குடிக்க மாட்டாங்க, இறங்கறப்ப கால் வீங்கியிருக்கும். எப்படி சமாளிப்பாங்க?
- வாசகி, குடியாத்தம்

பதில்: தண்ணி குடிக்காம வர்றாங்கன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதுதாம்மா இங்க பெரிய பிரச்சினை, மத்ததெல்லாம் அப்புறம்தான். துபாய்ல இருந்து டல்லாஸ் கிட்டத்தட்ட 16 மணி நேரம், பிளைட்டுக்குள்ள காத்துல ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழ, உள்ள இருக்கற காத்தழுத்தமும் ஏறக்குறைய ஊட்டி உயரத்துல இருக்கற மாதிரிதான், அதுல தண்ணியும் குடிக்காம காலயும் அசைக்காம உக்காந்தா கால் வீங்கறது மட்டுமில்ல, கெண்டைக்கால் ரத்தக்குழாய்ல ரத்தம் உறையவும் வாய்ப்பிருக்கு. 4 மணி நேரத்துக்கு மேல போற எந்த பயணத்துக்கும் இது பொருந்தும், பஸ், காருக்கும் சேர்த்துதான். அதனால குடியாத்தத்துல இருந்து ஏர்போர்ட் போறப்பவே வாலாஜா பக்கம் வண்டிய நிறுத்தி ஒரு அஞ்சு நிமிஷம் நடக்க வைங்க.

ஜன்னல் சீட் வேணாம், நடைபாதை ஓர சீட்டா கேட்டு வாங்குங்க. நடுவுல மாட்டிக்கிட்டா நம்ம ஊர் அம்மாங்க பக்கத்துல தூங்கறவங்கள எழுப்பவே மாட்டாங்க, "எனக்கு ஒண்ணியும் வாணாம்"னு கம்முனு உக்காந்துடுவாங்க. பாத்ரூம் பயத்தையும் வீட்லயே போக்கிடுங்க. கதவு பெரும்பாலும் நடுவுல மடங்கற மாதிரி இருக்கும், நடுவுல கைய வெச்சு உள்ள தள்ளணும், தாழ்ப்பாள நகர்த்தினாதான் உள்ள லைட் நல்லா எரியும், பிளஷ் பண்ணா டமார்னு சத்தம் வரும், பயப்பட ஒண்ணும் இல்ல. மக் இருக்காது. காலி பாட்டில் ரெண்டு குடுத்து விடுங்க, செக்கிங் முடிஞ்சதும் தண்ணி புடிச்சுக்கட்டும், ஒண்ணு குடிக்க, ஒண்ணு பாத்ரூமுக்கு. இத யாரும் சொல்லித் தர்றதில்ல, ஆனா இது தெரியாமத்தான் பாதி பேர் தண்ணியே குடிக்கறதில்ல.

சீட்ல இருக்கறப்ப குதிகாலத் தூக்கி இறக்கறது, அப்புறம் முன்பாதத்தத் தூக்கி இறக்கறது, மணிக்கு ஒரு தடவ பத்து பத்து முறை போதும், முழிச்சிருக்கறப்ப ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் எழுந்து நடக்கட்டும். டைட்டா இருக்கற அந்த முழங்கால் சாக்ஸ் நல்லதுதான், ஆனா சுகர் இருக்கறவங்களுக்கு காலுக்கு ரத்த ஓட்டம் சரியா இருக்கான்னு டாக்டர் பாத்துட்டுதான் போடணும். யாரோ சொன்னாங்கன்னு ஆஸ்பிரின் போட்டுக்க வேணாம், தூக்க மாத்திரையும் வேணாம், அசையாம தூங்கிடறதுதான் ஆபத்து.

மாத்திரை, இன்சுலின், மருந்து சீட்டு எல்லாம் கைப்பையிலதான் வரணும், பெரிய பெட்டியில போட்டா இன்சுலின் குளிர்ல உறைஞ்சு வீணாயிடலாம். மேற்கால போறப்ப பகல் நீளும், சாப்பாட்டு நேரம் மாறும், அதனால டிக்கெட்டயே எடுத்துக்கிட்டு போய் எந்த மாத்திரைய எப்ப போடறதுன்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிடுங்க. லோ சுகர் ஆனா கடிக்க பிஸ்கட், குளுக்கோஸ் கையிலயே இருக்கட்டும். அண்ணனுக்குன்னு எடுத்துட்டுப் போற ஆற்காடு மக்கன் பேடாவ பெட்டிக்குள்ள வெச்சிடுங்க, கைக்கு எட்ட வேணாம். சுகர்காரங்க சாப்பாடும் வீல்சேரும் குறைஞ்சது ரெண்டு நாள் முன்னாடியே ஏர்லைன்ஸ்ல சொல்லிடணும், துபாய்ல கேட் மாத்தறது பெரிய நடை, வீல்சேர் இருந்தா ஆளே கூட்டிட்டுப் போய் விட்டுடுவாங்க.

அண்ணன்கிட்டயும் பேசுங்க. ரெண்டு காலும் லேசா வீங்கி ஒண்ணு ரெண்டு நாள்ல வடிஞ்சா பயமில்ல. ஒரு கால் மட்டும் வீங்கி கெண்டைக்கால் வலிச்சா அன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டணும், மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலிச்சாலோ உடனே எமர்ஜென்சிக்கு கூட்டிட்டுப் போகணும். இந்த ரத்தம் உறையற பிரச்சினை இறங்கி சில வாரம் கழிச்சும் வரலாம், அதனால பயணத்துக்கான மெடிக்கல் இன்சூரன்ஸையும் டிக்கெட்டோடயே போட்டுடுங்கம்மா.