பத்தாம் வகுப்பும் சனிக்கிழமைச் சம்பளமும்: கேள்வி பதில்

ஈரோடு மாவட்டத்தில் ஆசிரியர் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளைத் தேடி வீடு வீடாக அலைந்ததே என் வேலையில் பாதி. இடைநிற்றல் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

ஐயா, என் மகன் பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்றுவிட்டான். பனியன் கம்பெனிக்குக் கைமடிக்க, அதாவது துணி மடித்துக் கொடுக்கும் உதவி வேலைக்கு, போகிறான். படிப்பு அவ்வளவுதானா? (ஒரு தாய், திருப்பூர்)

யார் சொன்னது அம்மா? முடிவு வந்த சில வாரங்களிலேயே துணைத்தேர்வு வருகிறது. தோற்ற பாடத்தை மட்டும் எழுதினால் போதும். தேறினால் இந்த ஆண்டே பிளஸ் ஒன் சேரலாம். ஆனால் சனிக்கிழமை தோறும் சம்பளம் வாங்கிப் பழகிய பையனைத் திரும்பப் பெஞ்சில் உட்கார வைப்பது லேசான காரியமில்லை. அதில் நான் பலமுறை தோற்றிருக்கிறேன். எனவே நாளைத் தள்ளாதீர்கள். "வேலைக்கே போகாதே" என்று மல்லுக்கு நிற்காமல், தேர்வு முடியும்வரை விடுப்பு எடுக்கச் சொல்லுங்கள். கணக்கு வரவே வராது என்றால் ஐடிஐ என்னும் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. வெல்டர், வயர்மேன் போன்ற பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சியே போதும். அரசுப் பள்ளியில் படித்தவன் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கும்.

அரசு இவ்வளவு பணம் கொடுத்தும் பிள்ளைகள் ஏன் நிற்கிறார்கள்? (கோபி வாசகர்)

பணம் வரும் நேரம்தான் கோளாறு. இடைநிற்றலைத் தடுப்பதற்கென்றே 2011-12இல் ஒரு ஊக்கத்தொகை வந்தது. பத்து, பதினொன்றாம் வகுப்புகளுக்குத் தலா 1,500, பன்னிரண்டுக்கு 2,000, ஆக 5,000 ரூபாய். அதை முதலீடாகப் போட்டு, பிளஸ் டூ முடித்த பிறகு கொடுப்பார்கள். பத்தாம் வகுப்பிலேயே தடுமாறும் பையனுக்கு அது எட்டாத கொம்புத்தேன். 2022இல் வந்த புதுமைப் பெண் திட்டம் மாதாமாதம் வங்கிக் கணக்கில் பணம் போடுகிறது, நல்லது. ஆனால் கல்லூரி வாசலை எட்டிய பெண்ணுக்குத்தான். அதே ஆண்டு வந்த காலை உணவுத் திட்டத்தை நான் மனமாரப் பாராட்டுவேன். விடிவதற்குள் மில்லுக்குக் கிளம்பும் தாய்க்கு அதன் அருமை தெரியும். அதுவும் ஐந்தாம் வகுப்போடு முடிகிறது. பிள்ளைகள் அதிகம் கழன்றுகொள்வதோ ஒன்பது, பத்தாம் வகுப்புகளில்.

எங்கள் விசைத்தறிக் கூடத்தில் ஒடிசாக் குடும்பம் ஒன்று வேலை செய்கிறது. ஒன்பது வயதுப் பையன், எந்தச் சான்றிதழும் இல்லை. பள்ளியில் சேர்ப்பார்களா? (பல்லடம்)

சேர்த்தே ஆக வேண்டும். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி, வயதுச் சான்று இல்லை என்றோ மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்றோ திருப்பி அனுப்பக் கூடாது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போன பாடத்துக்குச் சிறப்புப் பயிற்சி கொடுக்க வேண்டும். தமிழ் வராதே என்று கவலைப்படாதீர்கள். மைதானத்தில் விட்டால் தானாக வந்துவிடும். ஒரு வேண்டுகோள்: அந்தப் பையனை நூல் சுற்றக்கூட உட்கார வைக்காதீர்கள். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு 14 வயதுக்குட்பட்டவரை எந்த வேலைக்கும் அமர்த்தக் கூடாது.

கடம்பூர் மலையில் எங்கள் ஊரிலிருந்து பள்ளி வெகு தூரம். வழியில் காடு.

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் போக்குவரத்துக்கும் வழித்துணைக்கும் நிதி உண்டு. தலைமை ஆசிரியர் மூலம் வட்டார வள மையத்தில் கேளுங்கள். கேட்காத ஊருக்கு வண்டி வராது.

எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி 12 நாட்களாக வரவில்லை. கைபேசியும் அணைந்திருக்கிறது. எப்போது போய்ப் பார்ப்பது? (இளம் ஆசிரியை, அந்தியூர்)

இன்று மாலையே போங்கள் அம்மணி. பள்ளி செல்லாப் பிள்ளைகளைத் தேடும் ஏப்ரல், மே கணக்கெடுப்பு வரும்வரை காத்திருந்தால், பட்டியலில் பெயர் இருக்கும், வீடு பூட்டியிருக்கும். கரும்பு வெட்டுக்கோ செங்கல் சூளைக்கோ குடும்பத்தோடு போயிருக்கலாம். அப்படியானால் போன ஊரைக் கேட்டு, அங்குள்ள பள்ளியில் அவளுடைய எமிஸ் எண்ணை (கல்வித் துறைப் பதிவேட்டில் மாணவருக்குள்ள அடையாள எண்) கொடுத்துச் சேர்க்க வைக்கலாம். கல்யாணப் பேச்சு காதில் விழுந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு உடனே அழையுங்கள். அழைத்தவர் பெயரை வெளியே சொல்ல மாட்டார்கள். அவளுடைய தோழியையும் கூட்டிக்கொண்டு போங்கள். வாசலில் நின்று "ஏன் வரவில்லை?" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள், ஆடு எத்தனை குட்டி போட்டது என்று கேளுங்கள், மீதியை அவர்களே சொல்வார்கள்.