வாசகர் கேள்வி பதில்: மண்டையோட்டைக் கடந்து போகும் ஒளி

சுங்கை சிப்பூட் வட்டாரத்திலிருந்து இம்மாதம் வந்த கடிதங்களில் மூன்று, ஒளியைக் கொண்டு மூளையை ஆராயும் முறையைப் பற்றியே கேட்டிருந்ததால், அவற்றுக்கு இங்கே சேர்த்து விடையளிக்கிறேன்.

கேள்வி: ஐயா, பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் மகள், அங்குள்ள ஆய்வுக்கூடத்தில் சிறு விளக்குகள் பொருத்திய தொப்பியை அணிந்துகொண்டு மனக்கணக்குப் போடும் ஆய்வில் கலந்துகொள்ளப் போவதாகச் சொல்கிறாள். மண்டைக்குள் வெளிச்சம் எப்படிப் போகும்? அதனால் தீங்கு வருமா? மனத்தில் நினைப்பதைக் கண்டுபிடித்துவிடுவார்களா?
– ஒரு தாய்

பதில்: அம்மா, அஞ்ச வேண்டாம். அந்தத் தொப்பியில் இருப்பது எக்ஸ்ரே போன்ற கதிர் அன்று. மிகக் குறைந்த திறனுள்ள அண்மை அகச்சிவப்பு ஒளி. பச்சிளங் குழந்தைகளின் தலையிலும் இதே ஒளியை வைத்துத்தான் ஆய்வு செய்கிறார்கள்.

பால்மரம் சீவப் போகும்போது நெற்றியில் கட்டிக்கொள்ளும் விளக்கை விடியுமுன் இருட்டில் விரல்களால் பொத்திப் பார்த்தவர்களுக்கு, விரல்கள் செக்கச்செவேலென்று ஒளிர்வது தெரிந்திருக்கும். நீலத்தையும் பச்சையையும் இரத்தம் விழுங்கிவிட, சிவப்பு மட்டும் சதையைக் கடந்து வருகிறது. அந்தச் சிவப்பிலும் அதற்குச் சற்று அப்பாலும், ஏறத்தாழ 650 முதல் 950 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள ஒளி, தோலையும் எலும்பையும்கூட ஓரளவு கடந்துவிடும். இதைக் கொண்டு, தலையைத் திறக்காமலேயே மூளையின் உயிர்வளி நிலையை அறியலாம் என்று 1977-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரான்ஸ் ஜாப்சிஸ் எடுத்துக்காட்டினார்.

உயிர்வளியைச் சுமந்த இரத்தமும் அதை இறக்கிவிட்ட இரத்தமும் ஒளியை ஒரே அளவில் உறிஞ்சுவதில்லை என்பதே இதன் அடிப்படை. ஆகவே 760, 850 நானோமீட்டரை ஒட்டிய இரண்டு ஒளிகளைத் தலையில் ஓரிடத்தில் செலுத்தி, ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும் உணரியில், வாழைப்பழம்போல் வளைந்து சிதறித் திரும்பி வரும் மிகச் சிறு பங்கை அளந்து, இடையில் உள்ள இரத்தம் எப்படி மாறியது என்று கணக்கிடுகிறார்கள். உங்கள் மகள் கணக்குப் போடத் தொடங்கியதும் நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப் பகுதிக்கு இரத்தம் கூடுதலாகப் பாயும். அந்தப் பாய்ச்சல் உச்சத்தை எட்ட 5, 6 வினாடிகள் ஆகும். நம் பேராக்கிலேயே, செரி இஸ்கந்தாரில் உள்ள பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இம்முறையை மூளையின் மின் அலைகளை அளக்கும் முறையோடு சேர்த்து, கணக்குப் போடுவோரின் மன அழுத்தத்தை ஆராய்ந்திருக்கிறார்கள்.

மனத்தைப் படிப்பது இதனால் ஆகாது. புகை எழுவதைப் பார்த்து ஒரு வீட்டில் அடுப்பு எரிகிறது என்று சொல்லலாமே தவிர, என்ன குழம்பு கொதிக்கிறது என்று சொல்ல முடியாது. மேலும் இந்த ஒளி மூளையின் மேலடுக்கை மட்டுமே தொடுகிறது. நினைவுகளைப் பதிவதில் பெரும்பங்கு வகிக்கும் உட்பகுதிகள் அதற்கு எட்டாத ஆழத்தில் உள்ளன.

கேள்வி: ஐயா, எனக்கு அடர்ந்த கருமுடி, நிறமும் கறுப்பு. எங்களைப் போன்றவர்களுக்கு இந்தக் கருவி சரியாக வேலை செய்யுமா?
– ஆறாம் படிவ மாணவி

பதில்: தங்கையே, ஆய்வாளர்கள் தொடக்கத்திலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை நீ கேட்டிருக்கிறாய். தோலுக்கும் முடிக்கும் நிறம் தரும் மெலனின் இந்த ஒளியையும் உறிஞ்சுகிறது. அடர்ந்த கூந்தல் ஒளியைத் தடுப்பதோடு உணரியைத் தோலில் படியவிடாமலும் செய்கிறது. ஆகவே ஒவ்வோர் உணரிக்கு அடியிலும் முடியைப் பொறுமையாக வகிர்ந்து விலக்க வேண்டும். முடியில்லாத நெற்றியில் இந்தச் சிக்கல் குறைவு.

கோவிட் காலத்தில் பல வீடுகளில் வாங்கிவைத்த, விரல்நுனியில் மாட்டும் ஆக்சிமீட்டரும் இதே தத்துவத்தில்தான் இயங்குகிறது. ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அவோயாகி 1974-இல் உருவாக்கிய வழிமுறை அது. கறுப்பின நோயாளிகளின் உயிர்வளிக் குறைவை அக்கருவி கவனிக்கத் தவறியது, வெள்ளையரிடம் தவறியதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு என்று 2020-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. உயிர் காக்கும் கருவியில் இத்தனை காலம் இக்குறை திருத்தப்படாமல் இருந்தது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

மூளை ஆய்வில் பெரும்பாலும் ஒருவருடைய ஓய்வு நிலையோடு அவருடைய செயல்நிலையைத்தான் ஒப்பிடுகிறார்கள் என்பதால், நிறத்தால் நேரும் முதன்மைச் சிக்கல் அளவீடு நலிந்துபோவதே. ஆனால், நலிந்த அளவீடுகளைக் கழித்துவிடும்போது கருமுடி உடையவர்களும் சேர்ந்தே ஆய்விலிருந்து கழிந்துபோகிறார்கள். வாய்ப்புக் கிடைத்தால் நீ கலந்துகொள். உன் தலையில் உணரிகளைப் பொருத்த அரை மணி நேரம் கூடுதலாக ஆனாலும் அதற்காகக் கூச்சப்படாதே.

முயன்றால் முடியும் என்பதற்குச் சான்று உண்டு. இலண்டனைச் சேர்ந்த ஆய்வாளர்கள் மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டில் கெனெபா என்ற சிற்றூருக்கே கருவியைக் கொண்டுபோய், கைக்குழந்தைகளின் மூளைச் செயல்பாட்டை அளந்து 2014-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். எம்.ஆர்.ஐ. காந்தத்தை அப்படித் தூக்கிச் செல்ல இயலாது. அதற்குள் குழந்தையை விழித்த நிலையில் அசையாமல் படுக்க வைப்பதும் கடினம். தோட்டத்து ஆயாக்கொட்டகையில் வளர்ந்தவன் என்ற முறையில், தாயின் மடியில் இருந்தபடியே ஒரு குழந்தையை ஆராய முடிகிறது என்பதே இம்முறையின் பெருஞ்சிறப்பு என்று கருதுகிறேன்.

கேள்வி: ஐயா, பக்கவாதம் வந்து தேறிவரும் என் கணவருக்கு இக்கருவியால் அடைப்பைக் கண்டுபிடிக்க முடியுமா?
– ஓர் இல்லத்தரசி

பதில்: முடியாது, அம்மா. அடைப்பா, இரத்தக் கசிவா என்று அறிய சி.டி. ஸ்கேன் அல்லது எம்.ஆர்.ஐ. வேண்டும். பயிற்சியின்போது கையை அசைத்தால் மூளை எப்படி ஈடுகொடுக்கிறது என்பதை ஆராய்வதற்கு மட்டுமே ஒளிக்கருவி உதவுகிறது. மீண்டும் வாய் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ உடனே 999-ஐ அழையுங்கள். அடைப்பைக் கரைக்கும் மருந்தை அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பதால், அவர் கடைசியாக நலமாக இருந்த நேரத்தை மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள்.