பாஸ்புக்க கையில வச்சுக்கிட்டு கேளுங்க: பேங்க், கடன், மாசச் செலவு கேள்வி பதில்

ரிட்டயர் ஆகுற வரைக்கும் பேங்க்ல தான் வேலை பாத்தேன், கவுண்டர், டெபாசிட், லோன்னு எல்லா சீட்லயும் இருந்திருக்கேன். நிறைய பேர் கேட்டிருக்கீங்க, ஒவ்வொண்ணா வரேன். அக்கவுண்ட் நம்பர், ஆதார் நம்பர் எதையும் யாரும் எழுதாதீங்க, எனக்கு அது தேவையே இல்ல.

கேள்வி: அண்ணா, அம்மா அக்கவுண்ட்ல மகளிர் உரிமைத்தொகை ஆயிரம் ரூபா வருது. எடுக்கப் போனா எழுநூத்திச் சொச்சம் தான் இருக்கு, மினிமம் பேலன்ஸ் இல்லன்னு புடிச்சிட்டாங்களாம். என்ன பண்றது?

முதல்ல என்ட்ரி போட்டு பாருங்கம்மா, எந்தத் தேதில, எவ்ளோ, என்ன பேர்ல புடிச்சிருக்காங்கன்னு தெரியணும். ரிசர்வ் பேங்க் ரூல் படி பேலன்ஸ் குறைஞ்சா முன்னாடியே தகவல் சொல்லி, சரி பண்ண ஒரு மாசம் டைம் குடுக்கணும். புடிக்கிறதும் எவ்ளோ குறையுதோ அதுக்கு ஏத்த மாதிரி தான் புடிக்கணும், பேலன்ஸ மைனஸ்ல கொண்டு போகவே கூடாது. தகவல் எதுவும் வரலன்னா லெட்டரா எழுதிக் குடுத்து பணத்தத் திருப்பிக் கேளுங்க, காப்பில சீல் வாங்கிக்குங்க, வாய்ல கேட்டா வாய்லயே முடிஞ்சிடும்.

அதோட நிறுத்திடாதீங்க. அந்த அக்கவுண்ட்ட அடிப்படை சேமிப்புக் கணக்கா, அதான் ஜீரோ பேலன்ஸ் அக்கவுண்ட்டா மாத்தித் தரச் சொல்லுங்க. எல்லா பேங்க்லயும் அது உண்டு, ஏடிஎம் கார்டும் ஃப்ரீ, மாசம் நாலு தடவ பணம் எடுக்கலாம். அதே பேங்க்ல வேற சேவிங்ஸ் அக்கவுண்ட் மட்டும் வச்சிருக்கக் கூடாது. இன்னொரு விஷயம், ஸ்டேட் பேங்க் 2020-லயே மினிமம் பேலன்ஸ் அபராதத்த எடுத்துட்டாங்க, கனரா பேங்க், இந்தியன் பேங்க் 2025-ல எடுத்தாங்க. ஆயிரம் ரூபாய நம்பி மாசம் ஓட்டுற வீட்ல முன்னூறு போறது சின்ன விஷயம் இல்ல, கூச்சப்படாம போய்க் கேளுங்க.

கேள்வி: மே மாசக் கடைசில 436 ரூபா, அப்புறம் 20 ரூபா புடிச்சிருக்காங்க சார். நான் எதுலயும் சேரவே இல்லையே?

இத எல்லாரும் நின்னு படிங்க. 436 பிரதமர் ஜீவன் ஜோதி இன்சூரன்ஸ், எப்படி இறந்தாலும் குடும்பத்துக்கு 2 லட்சம், 18 வயசுல இருந்து 50 வயசுக்குள்ள சேரணும், 55 வரைக்கும் ஓடும். 20 ரூபா பிரதமர் சுரக்ஷா விபத்து இன்சூரன்ஸ், விபத்துல இறந்தா 2 லட்சம், 70 வயசு வரைக்கும். ரெண்டுமே ஜூன் 1-ல இருந்து அடுத்த மே 31 வரைக்கும், அதனால தான் மே கடைசில புடிக்கிறாங்க. அக்கவுண்ட் ஓப்பன் பண்ணப்ப ஃபார்ம்ல எங்கயாவது கையெழுத்து போட்டிருப்பீங்க. வேணாம்னா எழுதிக் குடுத்து நிறுத்தலாம், ஆனா என்னயக் கேட்டா நிறுத்தாதீங்கன்னு தான் சொல்வேன். ரெண்டு பேங்க்ல ரெண்டு 436 போச்சுன்னா மட்டும் ஒண்ண நிறுத்துங்க, எத்தன எடத்துல கட்டினாலும் ஆளுக்கு 2 லட்சம் தான்.

இதுல எனக்கு மனசு கஷ்டமா இருக்குறது வேற. வீட்டுக்காரர் இறந்து அக்கவுண்ட்ட மூட வர்றவங்க பலபேர் இந்த 436-அ கவனிக்கிறதே இல்ல, இருக்குற பேலன்ஸ வாங்கிட்டுப் போயிடுறாங்க, கவுண்டர்ல இருக்குறவர் பாத்து கூப்ட்டாத் தான் உண்டு. உங்க சொந்தத்துல யாராவது இறந்திருந்தா அந்த பாஸ்புக்க எடுத்து மே, ஜூன் என்ட்ரிய இன்னைக்கே பாருங்க, இருந்துச்சுன்னா நாள் கடத்தாம பேங்க்ல கிளைம் ஃபார்ம் கேளுங்க.

கேள்வி: திருப்பூர்ல வேலை, கைக்கு 24,000 வருது. இருபதாம் தேதிக்கு மேல கடன் தான். எங்க போகுதுன்னே தெரியல, கணக்கு எழுத நல்ல ஆப் சொல்லுங்கண்ணா.

ஆப் அப்புறம் பாக்கலாம் தம்பி. மூணு மாச ஸ்டேட்மென்ட்ட டவுன்லோட் பண்ணி பிரின்ட் எடு, பேனாவ வச்சுக்கிட்டு ஒவ்வொரு வரியா டிக் அடி. டீக்கடை, பேக்கரி, பெட்ரோல்னு 30, 80, 150-ஆ போனதெல்லாம் தனியா கூட்டு, யூபிஐல ஸ்கேன் பண்றப்ப நோட்டு கைய விட்டுப் போற உணர்வு வராது, அதான் தெரியாம போகுது. யூபிஐ ஆப்குள்ள ஆட்டோபேன்னு ஒரு எடம் இருக்கும், பாக்காத ஓடிடி, வெளையாடாத கேம் எல்லாம் அங்க உக்காந்து மாசாமாசம் எடுத்துக்கிட்டு இருக்கும், கேன்சல் பண்ணு.

அடுத்தது, சம்பள அக்கவுண்ட்ட யூபிஐல இருந்து எடுத்துடு. வாடகை 6,000, ஊருக்கு 5,000, ஆர்டி, அதான் மாசாமாசம் போடுற சேமிப்பு, 2,000, இதெல்லாம் சம்பளம் வந்த மறுநாளே அதுல இருந்து போகட்டும். மிச்சம் 11,000. வேற பேங்க்ல ஒரு ஜீரோ பேலன்ஸ் அக்கவுண்ட்ட யூபிஐல போட்டு, ஒவ்வொரு திங்கக்கிழமையும் 2,500 மட்டும் அதுக்கு மாத்து. வெள்ளிக்கிழமையே தீந்துடுச்சுன்னா அந்த வாரம் என்ன நடந்துச்சுன்னு உனக்கே தெரியும், மாசக் கடைசி வரைக்கும் காத்திருக்க வேணாம். ஏடிஎம்ல எடுக்குற காச மட்டும் ஒரு சின்ன நோட்டுல எழுது, அது ஸ்டேட்மென்ட்ல எடுத்தோம்னு மட்டும் தான் காட்டும், எதுக்குப் போச்சுன்னு காட்டாது.

கேள்வி: ஒரு லட்சம் லோன். ஒரு எடத்துல ஃபிளாட் 10 பர்சன்ட், பேங்க்ல 14 பர்சன்ட் சொல்றாங்க. பத்து தானே கம்மி?

இல்லம்மா, பேங்க் தான் கம்மி. ஃபிளாட்னா நீங்க பாதி அசல கட்டி முடிச்ச பிறகும் முழு லட்சத்துக்கும் வட்டி போடுவாங்க. ஒரு வருஷத்துக்கு 1,10,000-ஐ 12-ஆல வகுத்தா மாசம் 9,167. பேங்க்ல குறையுற வட்டி, அதாவது மிச்சம் இருக்குற அசலுக்கு மட்டும் தான் வட்டி, 14 பர்சன்ட்ல மாசம் 8,979 தான் வரும். அந்த ஃபிளாட் பத்து, குறையுற வட்டி கணக்குல கிட்டத்தட்ட 18 பர்சன்ட்டுக்கு சமம். ஏபிஆர் எவ்ளோன்னு கேளுங்க, ப்ராசஸிங் ஃபீஸ் எல்லாம் சேத்து உண்மையான வட்டி அதுல தெரிஞ்சிடும், 2024 அக்டோபர்ல இருந்து எல்லா சில்லறைக் கடனுக்கும் அத எழுத்துல குடுத்தே ஆகணும்.

கேள்வி: கிரெடிட் கார்டுல மினிமம் டியூ மட்டும் கட்டிட்டு வரேன், பிரச்சன இல்லல்ல?

பிரச்சன தான். லேட் ஃபீஸ் மட்டும் தான் வராது, வட்டி மாசத்துக்கு 3 பர்சன்ட்டுக்கு மேல ஓடும், புதுசா வாங்குற பொருளுக்கும் வாங்குன நாள்ல இருந்தே வட்டி. பேங்க் நகைக்கடன் வட்டி பொதுவா இதுல பாதி கூட வராது, தேவைப்பட்டா அத வாங்கி கார்ட மொத்தமா அடைங்க.

கேள்வி: ஏடிஎம்ல பணம் வரல, அக்கவுண்ட்ல போயிடுச்சு.

கார்டு குடுத்த உங்க பேங்க்ல கம்ப்ளெயின்ட் போடுங்க, மெஷின் யாரோடதா இருந்தாலும் சரி. அஞ்சு நாளுக்குள்ள திரும்ப வரணும், தாண்டினா ஒரு நாளைக்கு 100 ரூபா வீதம் அவங்க தரணும். 30 நாள்ல பதில் இல்லன்னா ரிசர்வ் பேங்க் ஆம்புட்ஸ்மேன், அதான் பேங்க் மேல வர்ற புகார விசாரிக்கிற அதிகாரி, அவருக்கு எழுதுங்க, கட்டணம் கிடையாது.

கேள்வி: வீடு வித்த பணம் 12 லட்சம் இருக்கு. எங்க ஊர் கூட்டுறவு கடன் சங்கத்துல வட்டி அதிகம், எல்லாத்தையும் போடலாமா ஐயா?

எல்லாத்தையும் ஒரே எடத்துல வேணாம். பேங்க் மூழ்கினா அசல் வட்டி சேத்து ஒருத்தருக்கு ஒரு பேங்க்ல 5 லட்சம் வரைக்கும் டெபாசிட் இன்சூரன்ஸ் உண்டு, 2020-க்கு முன்னாடி அது வெறும் 1 லட்சம். ஒரே பேங்க்ல மூணு கிளைல போட்டாலும் மொத்தமா 5 லட்சம் தான். மாவட்ட மத்திய கூட்டுறவு வங்கிக்கு அந்தப் பாதுகாப்பு உண்டு, கடன் சங்கத்துக்கு கிடையாது, போர்டு பாக்க ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும். மூணு பேங்க்ல நாலு நாலு லட்சமா பிரிச்சுப் போடுங்க, வட்டி சேந்தாலும் 5 லட்சத்த தாண்டுதான்னு பாத்துக்குங்க.

கேள்வி: அப்பா போன மாசம் தவறிட்டார். ஏடிஎம் பின் நம்பர் தெரியும், எடுத்துக்கலாமா? பழைய அக்கவுண்ட் வேற எங்கயோ இருக்குன்னு அம்மா சொல்றாங்க.

எடுக்காதீங்கப்பா. தேவை அவசரம்னு எனக்குப் புரியுது, ஆனா பின்னாடி கூடப்பொறந்தவங்க கேட்டா அது பெரிய பிரச்சனயா வந்து நிக்கும். நாமினி இருந்தா இறப்புச் சான்றிதழ், நாமினியோட அடையாள அட்டை, கிளைம் ஃபார்ம் போதும், எல்லாம் குடுத்து 15 நாளுக்குள்ள பேங்க் முடிக்கணும். நாமினி வாங்குற பணம் அவருக்கே சொந்தம் ஆகிடாது, வாரிசு எல்லாருக்கும் சேர வேண்டியது. நாமினி இல்லன்னா தாலுகா ஆபீஸ்ல வாரிசு சான்றிதழுக்கு இப்பவே போட்டு வைங்க.

பழைய அக்கவுண்ட்டுக்கு ரிசர்வ் பேங்க்கோட உத்கம்னு ஒரு போர்ட்டல் இருக்கு, அப்பா பேரு, பான் நம்பர் இல்லாட்டி பிறந்த தேதி போட்டுத் தேடலாம். பத்து வருஷம் தொடாத பணம் ரிசர்வ் பேங்க் ஃபண்டுக்குப் போயிருக்கும், போனாலும் அந்த பேங்க் மூலமா வாரிசு கேட்டு வாங்கிக்கலாம். அம்மா கிட்ட பழைய பாஸ்புக் இருந்தா கிழிஞ்சிருந்தாலும் எடுத்துட்டுப் போங்க, அக்கவுண்ட் நம்பர் தெரிஞ்சா வேலை சீக்கிரம் முடியும். அப்பா பாஸ்புக்ல அந்த 436 இருக்கான்னும் மறக்காம பாருங்க.