சேலை, சைக்கிள், படங்கு – கடிதம்

அன்புள்ள டீச்சருக்கு,

உங்கள் கதைகளை விடாமல் வாசிப்பவள் நான். ஆனால் இந்தக் கடிதம் கதையைப் பற்றியது இல்லை, மன்னியுங்கள். தலவாக்கலையிலிருந்து லிந்துலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலைக்குப் படிப்பிக்கப் போகிறேன். ஐந்து கிலோமீட்டர்தான். காலை பஸ் வந்தால் வரும், வந்தாலும் நிற்காது. போன தவணையில் கையெழுத்துப் புத்தகத்தில் எத்தனை நாள் சிவப்புக் கோட்டுக்குக் கீழே கையெழுத்து வைத்தேன் என்று எண்ணினால் அழுகை வரும். தம்பியின் கியர் சைக்கிள் சும்மா கிடந்தது. மூன்று வாரமாக அதில் போகிறேன்.

போவது பிரச்சினை இல்லை. என்ன உடுத்துக்கொண்டு போவது என்பதுதான் பிரச்சினை. சேலையோடு ஓட முடியவில்லை. சல்வாரோடு போனால் கேட்டடியிலேயே எல்லோர் கண்ணும் என்மேல்தான். ரெயின்கோட் போட்டால் மழையில் நனைவதைவிட உள்ளே வியர்வையில் அதிகம் நனைகிறேன். எங்கள் அம்மா இன்னும் இடுப்பில் பிளாஸ்டிக் படங்கைச் சுற்றிக்கொண்டு தேயிலை மலையில் கொழுந்து பறிக்கிறார். "மழைக்குப் பயந்தா என் படங்கைக் கட்டிக்கிட்டுப் போ புள்ள" என்றார். நான் சிரித்துவிட்டேன். அம்மாவின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. இரண்டு நாளாக அதுதான் மனதில் நிற்கிறது.

நீங்களும் ஒரு காலத்தில் சைக்கிளில் பாடசாலைக்குப் போனவர் என்று எங்கோ எழுதியிருந்தீர்கள். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

ம., தலவாக்கலை

*

அன்புள்ள ம.,

உங்கள் நீளமான கடிதத்தைச் சுருக்கி வெளியிட்டிருக்கிறேன். கதையைப் பற்றி எழுதாததற்கு மன்னிப்பெல்லாம் வேண்டாம். கதைகளைப் பற்றி வரும் கடிதங்களுக்கு என்ன பதில் எழுதுவதென்று எனக்கு இன்றுவரை பிடிபட்டதில்லை. இதற்குப் பிடிபடுகிறது.

முழுக் கடிதத்தில் மழையை ஏழெட்டு இடத்தில் திட்டியிருக்கிறீர்கள். வியர்வை ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது. அங்கேதான் தவறு. காலையில் நீங்கள் போவது ஏற்றம். ஏறும்போது சட்டை நனையும், அது உறைக்காது. ஏறி முடித்து, பாதிச் சுவர் வைத்த வகுப்பறையில் காற்றுக்கு முதுகைக் கொடுத்து நிற்கும்போதுதான் உறைக்கும். காற்றைவிடத் தண்ணீர் ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடம்பின் சூட்டை வாங்கிக்கொண்டு போகும். பருத்தி ரவிக்கை குடித்த வியர்வையை விடாது. பத்து மணி இடைவேளை வரைக்கும் ஈரத்தைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ஜூலையில் மலையகத்து டீச்சர்மாருக்கு வரும் தடிமனில் பாதி இதனால் வருவது என்பது என் சொந்த வைத்தியம்.

ஆகவே வீட்டு வாசலில் நிற்கும்போது உங்களுக்கு இலேசாகக் குளிர வேண்டும். குளிரவில்லை என்றால் கூடுதலாக உடுத்திருக்கிறீர்கள் என்று பொருள். ஸ்வெட்டர் பைக்குள் இருக்கட்டும். ஏறி முடித்த பிறகு போடுவதற்கும், பின்னேரம் இறங்குவதற்கும்தான் அது. உள்ளே பருத்தி வேண்டாம், விளையாட்டுக்காரர்கள் போடும் மெல்லிய பொலியெஸ்டர் டீசேர்ட் ஒன்று போடுங்கள். தன் எடையில் நூற்றில் ஒரு பங்கு ஈரத்தைக்கூட அந்த நூல் குடிக்காது, உதறினால் காய்ந்துவிடும். நாற்றம் அடிக்கும் என்பதை மறைக்க மாட்டேன், தினமும் அலசுங்கள். வெளிநாட்டுக்குத் தைத்து மிஞ்சியவை நுவரெலியா பேல் பஜாரில் குவியலாகக் கிடக்கும். முத்திரை பார்க்காமல் துணியைப் பார்த்து எடுங்கள்.

கம்பளி நூல் கிடைத்தால் இன்னும் நல்லது. தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை வாங்கினாலும் அது நனைந்ததுபோலத் தெரியாது, சூட்டையும் விட்டுக்கொடுக்காது. என் அம்மாச்சிக்கு இது தெரியும். மழை நாளில் அவர் மலைக்குப் போனது தலையில் கம்பளியை மடித்துப் போட்டுக்கொண்டுதான். தோட்டம் கம்பளியைக் கொடுத்துவிட்டுக் கூலிக் கணக்கில் பிடித்துக்கொள்ளும். அடுப்படியில் காயும் அந்தக் கம்பளியின் வாசம், புகையும் ஆட்டு ரோமமும் கலந்தது, இன்றைக்கும் எனக்கு மழை என்றால் அந்த வாசம்தான். நீங்கள் தலையில் கம்பளி போட்டுக்கொண்டு சைக்கிள் ஓட வேண்டும் என்று சொல்லவில்லை.

சேலைக்கு வருகிறேன். நான் சைக்கிள் பழகியது யாழ்ப்பாணத்தில், கோப்பாயில் ஆசிரியப் பயிற்சிக்குப் போன காலத்தில். அங்கே சேலையோடு சைக்கிள் ஓடுவதில் யாருக்கும் ஒரு புதினமும் இல்லை. லேடீஸ் சைக்கிள், நடுவில் பார் கிடையாது, செயினுக்கு முழு மூடி, பின் சில்லுக்கு இருபுறமும் வலை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு டீச்சர்மாரும் தாதிமாரும் வரிசையாகப் போவார்கள். பார்த்துப் பார்த்து நானும் பழகிவிட்டேன். சேலையோடு எங்கேயும் ஓடலாம் என்ற திமிரோடு ஊர் திரும்பினேன். யாழ்ப்பாணம் சமதரை என்பதை மறந்துவிட்டேன்.

முதல் நியமனம் பொகவந்தலாவைப் பக்கம். கெசல்கமு ஓயா ஆற்றை ஒட்டிப் போகும் நோர்வூட் வீதியில் ஏற்ற இறக்கம் அவ்வளவு இல்லை, அதனால் கொஞ்ச நாள் தப்பினேன். தோட்டத்து ரோட்டில் ஒரு முடக்கில் இறங்கும்போது ஒருநாள் காற்று முந்தானையை உருவியது. உருவியதைப் பின் சில்லு இழுத்தது. விழுந்தது பெரிதாக இல்லை, முழங்கையில் தோல் போனதோடு சரி. ஆனால் சேலை சில்லுக்கும் செயினுக்கும் நடுவில் கயிறாக முறுக்கிக்கொண்டது. எழும்பவும் முடியாது, அவிழ்க்கவும் முடியாது. மேலே மலையில் கொழுந்து பறித்து நின்ற பெண்கள் கூடையோடு இறங்கி ஓடி வந்தார்கள். ஒரு அக்கா, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்து ஆளிடம் கத்தியை வாங்கிவந்து, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், இரண்டு கெஜம் சேலையை அறுத்துப் போட்டார். மிச்சத்தைச் சுற்றிவிட்டார். அது பத்தாது என்று தெரிந்ததும் தன் இடுப்புப் படங்கை அவிழ்த்து எனக்குக் கட்டினார்.

அந்தக் கோலத்தில் பாடசாலைக்குப் போனேன். எந்தப் பாடசாலை என்று சொல்ல மாட்டேன். அதிபர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, லீவு எழுதி வைத்துவிட்டு வீட்டுக்குப் போகச் சொன்னார். வாசலில் நின்ற இரண்டாம் வகுப்புப் பையன் மட்டும் கேட்டான், "டீச்சர், நீங்க எந்த மலையில நிக்கிறீங்க?"

அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினைந்து வருடம் கழித்துத்தான் வந்தது. நீங்கள் அம்மாவிடம் சிரித்ததும் அவர் முகம் மாறியதும் எனக்கு விளங்குவது இதனால்தான். படங்கு கட்டாமல் இருப்பதற்காகத்தானே நம்மைப் படிக்க வைத்தார்கள். தோட்டத்துத் துரை வந்தால் குடையை மடக்கி, சைக்கிளை விட்டு இறங்கி ஓரமாய் நின்ற காலத்தை அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அப்படி நின்றவர்களின் பிள்ளைகள் கஞ்சி போட்ட சேலையில் வகுப்புக்குள் நுழைந்தபோது, அந்தச் சேலை வெறும் துணியாக இருக்கவில்லை. ஆகவே சேலையை நான் கேலி செய்ய மாட்டேன். 2022 நவம்பரில் நாட்டின் பல பக்கங்களிலும் சில ஆசிரியைகள் சேலையை விட்டு வேறு உடையில் பாடசாலைக்குப் போய்ப் படமெடுத்துப் போட்டபோது பெரிய சண்டை நடந்தது, நினைவிருக்கும். பெற்றோலுக்கு வரிசையில் நின்று களைத்த வருடம் அது, அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் லயத்திலிருந்து, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டிலிருந்து, வந்த ஒரு டீச்சருக்குச் சேலையை விடுவது கொழும்பில் விடுவதுபோல அவ்வளவு இலேசு இல்லை. அதை அந்தச் சண்டையில் இரண்டு பக்கமும் பேசவில்லை.

சேலை பாடசாலையில் இருக்கட்டும். நீங்கள் மட்டும் சைக்கிளில் போங்கள். திங்கட்கிழமை பஸ்ஸிலோ யாருடைய ஓட்டோவிலோ ஒரு வாரத்துக்கான மூன்று சேலையைக் கொண்டுபோய் அலுமாரியில் வைத்துவிடுங்கள். ஜோர்ஜெட், பொலியெஸ்டர் என்றால் மடிக்காமல் சுருட்டினால் கசங்காது. பருத்திச் சேலையை வெள்ளிக்கிழமைக்கு ஆசைப்பட வேண்டாம். ஏழு மணிக்குப் போய்ச் சேர்ந்தால் உடம்பு ஆற பத்து நிமிடம், முகம் கழுவிச் சேலை கட்ட பதினைந்து நிமிடம், ஏழரைக்கு மணி அடிக்கும்போது நீங்கள் வகுப்பில் நிற்பீர்கள். ஆறாமல் கட்டினால் சேலைக்குள்ளும் வியர்க்கும், கவனம். உடுத்து மாற்ற இடம் இல்லை என்பீர்கள். தோட்டப் பாடசாலைகளை எனக்குத் தெரியும். பக்கத்து லயத்தில் ஒரு மாணவியின் வீட்டைக் கேளுங்கள். எனக்கு அப்படி ஒரு வீடு நாலு வருடம் கதவு திறந்து வைத்தது. தேத்தண்ணியும் கிடைத்தது.

சல்வாரில் போவதைப் பார்ப்பவர்கள் மூன்று வாரம் பார்த்துவிட்டார்கள். இன்னும் மூன்று வாரத்தில் அவர்களுக்கு வேறு வேலை வந்துவிடும். துப்பட்டாவை மட்டும் வீட்டில் விட்டுவிடுங்கள். அதுவும் முந்தானையின் தங்கைதான். கால் அகலமான பைஜாமா என்றால் வலது காலில் ஒரு இறப்பர் பட்டி போட்டுக்கொள்ளுங்கள், தம்பியின் சைக்கிளில் செயின் மூடி இருக்காது.

இனி மழை. ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் மழை பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல் இடியோடு வரும். ஒன்றரைக்கு மணி அடித்து நீங்கள் வெளிக்கிடும் நேரம்தான் அதற்கும் நேரம். வீட்டுக்குத்தானே போகிறீர்கள், நனைந்தால் நனையுங்கள். புத்தகங்களைச் சொப்பின் பையில் இரண்டு சுற்றுச் சுற்றிவிடுங்கள், போதும். தொல்லை தருவது மே முதல் செப்டெம்பர் வரை மேற்குப் பக்கத்து மலைகளில் விடாமல் பிடிக்கும் தூறல். பதுளைப் பக்கம் அந்த மாதங்களில் கச்சான் காற்று வறட்டி எடுக்கும், நமக்கு இங்கே உடுப்புக் காயாது. அந்தத் தூறலுக்கு முழு ரெயின்கோட் போட்டால் நடப்பதை நீங்களே எழுதிவிட்டீர்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக்கில் வியர்வை எங்கே போகும்? மேலுக்கு அக்குளில் காற்றுவாய் வைத்த மெல்லிய ஜக்கட் ஒன்று போதும். ஏறும்போது அதையும் திறந்து விடுங்கள், தோள் கொஞ்சம் நனைந்தாலும் பரவாயில்லை.

சைக்கிளில் உண்மையாக நனைவது தொடை. உட்கார்ந்து மிதிப்பதால் மழை நேராக மடியில்தான் விழுகிறது. தேயிலைச் செடிக்கு நடுவில் நிற்கும் பெண்ணுக்கும் அப்படித்தான், இடுப்புக்குக் கீழே முன்பக்கம்தான் செடியின் ஈரமும் வாதுக் குச்சியும் படும். அதற்காகத்தான் முன்னால் மூடி, பின்னால் திறந்து, காற்றுப் போய்வரும்படி ஒரு துண்டை இடுப்பில் சுற்றினார்கள். அதுதான் படங்கு. சாக்காக இருந்தது, பிறகு பிளாஸ்டிக் ஆனது. காலை மேலே தூக்கலாம், நிமிடத்தில் அவிழ்க்கலாம், மடித்தால் கூடைக்குள் அடங்கும். மழை ஊர்களில் சைக்கிள் ஓடும் வெளிநாட்டுக்காரர்களுக்கு இதே பொருளை மழைப் பாவாடை என்று கடையில் விற்கிறார்கள். படத்தில் பார்த்தபோது நான் அந்த அக்காவைத்தான் நினைத்தேன்.

பின்பக்கம் திறந்திருந்தால் நனையாதா என்றால், நனையாது. அங்கே சீட் இருக்கிறது. சில்லு அடிக்கும் சேற்றுக்கு மட்கார்ட் வேண்டும். தம்பியின் சைக்கிளில் அது இல்லை என்றால் எந்த உடுப்பு வாங்குவதற்கும் முன்னால் அதை வாங்குங்கள்.

பின்னேர இறக்கத்துக்கு இரண்டு விசயம். நெஞ்சில் காற்று ஏறாமல் இருக்க, ஜக்கட்டுக்கு உள்ளே ஒரு பழைய பேப்பரை மடித்து வைத்தால் போதும். சைக்கிள் பந்தயக்காரர்களின் பழைய வேலை அது. நான் ஞாயிறு வீரகேசரியைப் பாவித்தேன், பக்கம் அதிகம் என்பதால். விரல் விறைத்தால் பிரேக் பிடிக்காது, ஜனவரி பெப்ரவரிக்குக் கையுறை எடுங்கள். ஈரத்தில் றிம்மைப் பிடிக்கும் பிரேக் தாமதமாகத்தான் பிடிக்கும். முடக்குக்கு வெகு முன்னாலேயே அமத்துங்கள்.

மூடுபனிக்கு வெள்ளை உடுக்காதீர்கள், பனியோடு பனியாய்ப் போவீர்கள். மஞ்சள் அல்லது செம்மஞ்சள் நல்லது. வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் டேப் ஒரு சாண் வாங்கி, முதுகில் ஒட்டுவதோடு நிற்காமல், காலோடு மேலும் கீழும் அசையும் இடத்திலும் ஒட்டுங்கள். நிலையான ஒளியைப் பஸ் டிரைவர் மைல்கல் என்று நினைப்பார். மிதிக்கும் காலைக் கண்டால் ஆள் என்று தெரிந்துவிடும். படங்கின் கீழ் ஓரம் அதற்குத் தோதான இடம்.

சப்பாத்துப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பாடசாலையில் ஒரு சோடி செருப்பு வையுங்கள், பாதையில் எதைப் போட்டாலும் சரி. குறுக்குப் பாதையில் தள்ளிக்கொண்டு ஏறும் நாளில் மட்டும் அட்டைக் கடியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

படங்குக்கு ஹாட்வெயார் கடையில் மஞ்சள் நிறத்தில் ஒன்றரை மீட்டர் கேளுங்கள். மலைக்குக் கட்டும் நீளம் சைக்கிளுக்கு ஆகாது, கணுக்கால் வரை விட்டால் செயினில் மாட்டும். முழங்காலுக்குக் கீழே நாலு விரல் சரியாக இருக்கும். ஆனால் நின்றுகொண்டு அளந்தால் பிழைத்துவிடும். தம்பியைச் சைக்கிளைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, நீங்கள் ஏறி உட்கார்ந்து ஒரு மிதியை மேலே கொண்டுவந்து நில்லுங்கள். அம்மா அளந்து வெட்டட்டும். இடுப்பில் எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.