விஸ்வநாத்தின் 41.93

அன்புள்ள ஐயா,

குண்டப்பா விஸ்வநாத்தை இந்தியாவின் மிகச் சிறந்த பேட்ஸ்மேன்களில் ஒருவர் என்று எழுதியிருந்தீர்கள். 91 டெஸ்ட் ஆடிய அவருடைய சராசரி 41.93தான். வினோத் காம்ப்ளிக்கு 54.20. பெரியவர்களின் நினைவை நம்புவதா, கணக்கை நம்புவதா?
செந்தில்

அன்புள்ள செந்தில்,

கணக்கைத்தான் நம்ப வேண்டும். ஆனால் சராசரி கணக்கின் கடைசி வரி மட்டுமே. எடுத்த ரன்னை அவுட்டான எண்ணிக்கையால் வகுத்தால் சராசரி வந்துவிடும். பந்து போட்டது யார், பிட்ச் எப்படி, கூட ஆடியவர்கள் எவ்வளவு எடுத்தார்கள் என்பதற்கெல்லாம் ஸ்கோர்கார்டைப் பார்க்க வேண்டும்.

1975 ஜனவரி, சேப்பாக்கம் டெஸ்டை எடுத்துப் பாருங்கள். வெஸ்ட் இண்டீஸ் வேகப்பந்து வீச்சாளர் ஆண்டி ராபர்ட்ஸ் 64 ரன் கொடுத்து 7 விக்கெட். இந்தியா 190க்கு ஆல் அவுட். அதில் விஸ்வநாத் மட்டும் 97, நாட் அவுட். அணியின் ரன்னில் பாதிக்கும் மேல்! ஒரு முனையில் விக்கெட் விழுந்துகொண்டே இருக்க, மறுமுனையில் அவர் அதே ராபர்ட்ஸை ஸ்கொயர் கட் அடித்துக்கொண்டிருந்தார். பதிலுக்கு வெஸ்ட் இண்டீஸ் எடுத்தது 192. கடைசியில் நாம் 100 ரன்னில் ஜெயித்தோம். அந்த 97 அவருடைய 14 சதங்களில் சேராது. பதிவேட்டில் அது வெறும் அரைசதம்.

1981 மெல்போர்னிலும் இதே கதைதான். இந்தியாவின் முதல் இன்னிங்ஸ் 237, அதில் அவர் 114. அந்த டெஸ்டில் கவாஸ்கர் கோபத்தில் வெளியேறப் பார்த்ததும், கபில் ஆஸ்திரேலியாவை 83க்குச் சுருட்டியதும் எல்லோருக்கும் தெரியும். இந்த 114ஐப் பற்றிப் பேசுவோர் குறைவு என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

அவர் சரியாக ஆடாத தொடர்களும் இருக்கின்றன. கடைசியாகப் போன 1982-83 பாகிஸ்தான் பயணம் அப்படித்தான். 41.93க்குள் அவையும் அடக்கம்.

சரி, காம்ப்ளி. 17 டெஸ்ட், 21 இன்னிங்ஸ், 1084 ரன். 224, 227, 125, 120 என்ற நான்கு சதங்களிலேயே 696 வந்துவிட்டது. மீதி 17 இன்னிங்ஸுக்கும் சேர்த்து 388. திறமைக்குக் குறைவில்லை, ஷேன் வார்னை அவர் அடித்த அடியைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஆனால் 54.20ஐ நிலைத்த தரம் என்று படிக்க 21 இன்னிங்ஸ் போதாது.

விஸ்வநாத் சதம் அடித்த எந்த டெஸ்டிலும் இந்தியா தோற்றதில்லை என்று அவருக்காக வாதாடுபவர்கள் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் நான் அதை ஆதாரமாக வைக்க மாட்டேன். அணி தோற்றாலும் ஒரு இன்னிங்ஸின் மதிப்பு குறைந்துவிடாது. 1987 பெங்களூர் டெஸ்டில் பாகிஸ்தானுக்கு எதிராக, பந்து கண்டபடி திரும்பிய பிட்சில், கவாஸ்கர் தன் கடைசி டெஸ்ட் இன்னிங்ஸில் 96 எடுத்தார். இந்தியா 204. வேறு எந்த இந்தியரும் 30ஐத் தொடவில்லை. 16 ரன்னில் தோற்றோம். அவருடைய 34 சதங்களில் பலவற்றுக்கும் மேலாக அந்த 96ஐத்தான் வைப்பேன்.