ரைஸ் குக்கர் யாருக்கு?

கேள்வி: எனக்கு 37 வயது. எனக்கும் கணவருக்கும் சாப்பாட்டு ருசியிலும் ஒயினிலும் நிறைய ஆர்வம். பத்தாவது திருமண நாளை ஒட்டி, வரும் செப்டம்பரில் பிரான்ஸின் பர்கண்டி பகுதிக்கு ஒன்பது நாள் போகிறோம். டிஜோனில் தங்குவதா, போன் நகரத்தில் தங்குவதா? கார் எடுக்க வேண்டுமா? சிறிய ஒயின் தயாரிப்பாளர்களிடம் ருசி பார்க்க எப்படி ஏற்பாடு செய்வது? ஆறு இரவு நல்ல உணவகங்களில் சாப்பிட எண்ணம். நான்கு வயதுப் பையனைப் பற்றிக் கவலையில்லை. அம்மாவையும் கூட்டிப் போகிறோம் (டிக்கெட், விசா எல்லாம் எங்கள் செலவு), அவர் ஓட்டலில் பார்த்துக்கொள்வார். அம்மா சைவம், முட்டைகூடச் சேர்க்க மாட்டார். சின்ன ரைஸ் குக்கர் ஒன்று எடுத்துப் போவதால் அவருக்கும் சாப்பாட்டுப் பிரச்சினை இல்லை. எந்தெந்த நாள் எங்கே போகலாம் என்று சொல்லுங்கள்.

– பெயர் வேண்டாம், சென்னை

பதில்: எந்த நாள் எங்கே என்பதை அப்புறம் பார்ப்போம். முதலில் அந்த ரைஸ் குக்கர்.

எத்தனை லிட்டர்? ஒரு பாட்டிக்கும் ஒரு பேரனுக்கும் போதும் என்கிற அளவில் வாங்கியிருப்பீர்கள். ஆக, நீங்கள் இரண்டு பேரும் வெள்ளைத் துணி விரித்த மேஜையில் உட்கார்ந்திருக்கும் ஆறு இரவும், உங்கள் அம்மா குளியலறைக் குழாயில் தண்ணீர் பிடித்து, பெட்டி வைக்கிற பலகைமேல் குக்கரை வைத்து, பையனுக்கு ஊட்டிவிட்டு, மிச்சத்தை ஊறுகாயோடு சாப்பிட்டுப் படுத்துக்கொள்வார். சாப்பாட்டுக்கு உலகத்திலேயே பேர்போன ஊருக்கு விசா எடுத்து, முப்பதாயிரம் யூரோவுக்கு இன்ஷூரன்ஸ் போட்டுப் போய், ஊறுகாய் சாதம். இதற்கு நீங்கள் வைத்திருக்கும் பெயர் ‘பிரச்சினை இல்லை’.

இதே கடிதம் எனக்கு ஊர் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு வந்தபடியே இருக்கிறது. ஒருமுறை பாலி, ஒருமுறை சுவிட்சர்லாந்து. ‘அம்மாவையும் கூட்டிப் போகிறோம்’ என்று பெருமையாகத் தொடங்கும். கொஞ்சம் தள்ளிக் குழந்தை எட்டிப் பார்க்கும். டிக்கெட் உங்கள் செலவு என்று அடைப்புக்குறிக்குள் வேறு போட்டிருக்கிறீர்கள். குழந்தை பார்க்க ஆள் கூட்டிப் போனாலும் டிக்கெட் நீங்கள்தான் எடுக்க வேண்டும் தாயே, மேலே சம்பளமும் உண்டு.

குக்கர் விஷயத்தையே முடித்துவிடுகிறேன். மின்சாரம் அங்கேயும் 230 வோல்ட்தான். ஆனால் நம் மூன்று முனை ப்ளக் அந்தச் சுவரில் நுழையாது, அடாப்டர் வேண்டும். அது இருந்தாலும் பெரும்பாலான ஓட்டல்களில் அறைக்குள் சமைக்க விடமாட்டார்கள். இன்னொரு சங்கதியும் இருக்கிறது. அது நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

இருபது வருடத்துக்கு முன் அம்மாவோடு ஒரு கடற்கரை ஊருக்குப் போயிருந்தோம். என் பெண்ணுக்கு அப்போது மூன்று வயது. ‘கொஞ்சம் பார்த்துக்கோம்மா’ என்று சொல்லிவிட்டு நானும் கணவரும் வெளியே சாப்பிடப் போனோம். பத்தரை மணிக்குத் திரும்பிக் கதவைத் திறந்தால் அறை கும்மிருட்டு. அம்மா தரையில் உட்கார்ந்திருந்தார். மடியில் குழந்தை, கையில் ஒரு வாரப்பத்திரிகை, அதை விசிறியாக ஆட்டிக்கொண்டிருந்தார். கதவோரத்துப் பெட்டியில் செருகினால்தான் அறைக்குள் கரண்ட் வரும் என்கிற அந்த அட்டையைக் கணவர் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போயிருந்தார். இரண்டரை மணி நேரம் லைட் இல்லை, ஃபேன் இல்லை. கீழே போய்ச் சொல்லியிருக்கக் கூடாதா என்று அம்மாவிடமே கோபித்துக்கொண்டேன். ‘வெளியே வந்து கதவு பூட்டிக்கிட்டா, திரும்ப உள்ளே வர அட்டை வேணுமேடி’ என்றார். எனக்குத் தோன்றாதது அவருக்குத் தோன்றியிருந்தது. அட்டை இல்லாவிட்டால் உங்கள் ரைஸ் குக்கரும் வேகாது.

அது தமிழ் பேசுகிற ஊர். உங்கள் அம்மா இருக்கப் போவது ஃபிரெஞ்சு பேசுகிற ஊரில். அங்கே நல்ல உணவகத்தில் இரவுச் சாப்பாடு ஏழரைக்குத் தொடங்கும், மூன்று மணி நேரம் ஓடும். எட்டு மணிக்குப் பையனுக்குக் காய்ச்சல் அனலாகக் கொதித்தால் அவர் யாரைக் கூப்பிடுவார்? அவசர எண் 112, மருத்துவ உதவிக்கு 15. இது உங்களுக்காவது தெரியுமா? வரவேற்பறைக்கு இறங்கிப் போய் எந்த மொழியில் சொல்வார்?

‘அம்மாதான் சரி என்றார்’ என்று மறுகடிதம் போட வேண்டாம். நம் அம்மாக்கள் எதற்குத்தான் சரி சொல்லவில்லை? பேரனைப் பார்த்துக்கொள்வது பாட்டிக்குச் சந்தோஷம்தான், மறுக்கவில்லை. தன் வீட்டில், தன் அடுப்போடு, பக்கத்து வீட்டு மாமியைக் கூப்பிடும் தூரத்தில் இருக்கும்போது. பெற்ற பிள்ளையைப் பார்ப்பது பெற்றவர்கள் கடமை. அதில் பாட்டி கை கொடுத்தால் அது அவர் உங்களுக்குச் செய்யும் உபகாரம். உபகாரத்தைக் கணக்கில் வைத்து ஆறு மேஜைகளுக்கு முன்பதிவு போடக் கூடாது.

என்னை உண்மையில் கோபப்படுத்துவது இதுகூட இல்லை. ருசியில் ஆர்வம் என்கிறீர்களே, அந்த நாக்கு உங்களுக்கு எங்கிருந்து வந்தது? உங்கள் குடும்பத்தில் ருசி தெரிந்த ஒரே ஆளாக அவர்தான் இருக்கலாம். அவரை அறையில் பூட்டிவிட்டு ருசி பார்க்கப் போகிறீர்கள்.

பர்கண்டி என்றால் சிவப்பு ஒயின், நத்தை, மாட்டுக்கறி என்றே நினைத்திருக்கிறீர்கள். அது கடுகு ஊர். போன் நகரத்தில் 1840 முதல் நடக்கும் ஃபாலோ கடுகு ஆலை இருக்கிறது. இன்னமும் கல்லில்தான் அரைக்கிறார்கள், முன்பதிவு செய்தால் சுற்றிக் காட்டுவார்கள். ஆட்டுக்கல்லில் அரைத்துப் பழகிய ஒருத்தரை அங்கே நிறுத்திப் பாருங்கள். எண்ணெயில் நம் கடுகு வெடிக்கும்போது மணம் வரும், காரம் அடங்கிவிடும். அங்கே பச்சையாகப் புளிக்காடியில் ஊறவைத்து அரைப்பதால் காரம் நேராக மூக்குக்கு ஏறும். கண்ணில் தண்ணீர் வரும். இது ஏன் என்று உங்கள் கணவரைவிட அம்மா சீக்கிரம் புரிந்துகொள்வார். டிஜோன் கடுகு என்று பேர் இருந்தாலும் விதை பெரும்பாலும் கனடாவிலிருந்து வருவது. 2021இல் அங்கே வறட்சி வந்து, மறு வருடம் பிரான்ஸ் கடைகளில் கடுகு பாட்டில் வரிசையே காலியாகக் கிடந்தது. ‘மூட்டார்த் த பூர்கோன்’ என்று போட்டிருந்தால் விதையும் உள்ளூர், அரைக்க ஊற்றும் வெள்ளை ஒயினும் உள்ளூர். அம்மாவுக்கு ஒயின் கலந்தது வேண்டாம் என்றால் காடி சேர்த்ததை வாங்குங்கள்.

டிஜோனிலிருந்து காரில் சுமார் ஒரு மணி நேரத்தில் ஃப்ளாவின்யி என்று ஒரு குன்றுக் கிராமம். அங்கே பழைய மடத்துக் கட்டடத்தில் ஒரு மிட்டாய் செய்கிறார்கள். சோம்பு போன்ற ஒரு விதை, அதன்மேல் சர்க்கரைப் பாகை அடுக்கடுக்காக ஏற்றிப் பட்டாணி அளவு உருண்டையாக்க இரண்டு வாரம் ஆகுமாம். நம்மூர்ச் சோம்பு மிட்டாய்க்கு அக்கா முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்டியும் பேரனும் சேர்ந்து போகக் கூடிய இடம் இதைவிட வேறு வேண்டுமா? உங்கள் பட்டியலில் இது இருக்காது, எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை காலை போன் நகரத்துச் சந்தை. செப்டம்பரில் அத்திப்பழம், ப்ளம் வகைகள், அக்ரூட், தேன் எல்லாம் வரும். பாலாடைக்கட்டிக்காரரிடம் மட்டும் ஜாக்கிரதை. நிறைய வகைகளில் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுத்த உறைபொருள் போடுவார்கள், அந்தப் பகுதியின் புகழ்பெற்ற எபுவாஸ் உட்பட. கேட்காமல் அம்மா தட்டில் வைத்துவிடாதீர்கள். ‘பேன் தெப்பீஸ்’ என்கிற தேன் மசாலா ரொட்டியும் அப்படித்தான், முட்டை உண்டா என்று கேட்டே வாங்குங்கள்.

சரி, உங்கள் கேள்விகள்.

போன் நகரத்தில் தங்குங்கள் (பேரைப் பார்த்து ஃபோன் என்று நினைக்காதீர்கள்). பழைய மதில் சூழ்ந்த சின்ன ஊர், அம்மாவும் பையனும் நடந்தே எல்லா இடமும் போகலாம். டிஜோனுக்கு ரயிலில் அரை மணிகூட ஆகாது, ஒரு பகல் போய் வந்தால் போதும். ஓட்டல் வேண்டாம். சமையலறையோடு வாடகைக்கு விடும் வீடுகள் உண்டு, ஜீத் என்பார்கள். இதைப் படித்ததும் ‘அப்போ அம்மா சமைத்துவிடுவார்’ என்று உங்கள் மனது ஓடியிருக்கும். ஓட வேண்டாம்.

கார் எதற்கு? ஒரு நாள், ஃப்ளாவின்யிக்கு மட்டும் எடுங்கள். அன்று ருசி பார்ப்பது கிடையாது. ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம்தான் அங்கே வரம்பு. காலையில் இரண்டு ஒயின் நிலவறை, மதியம் ஒன்று என்று ஏறி இறங்கினால் யார் ஓட்டுவது, அம்மாவா? பையனுக்குக் குழந்தை இருக்கை போடாமல் வண்டியில் ஏற்றக் கூடாது, அதுவும் சட்டம். டிஜோனிலிருந்து வரும் உள்ளூர் ரயிலே ஜெவ்ரே, வூஜோ, நுய்-சான்-ஜோர்ஜ் என்கிற ஒயின் ஊர்கள் எல்லாவற்றிலும் நிற்கும். தெற்கே பொம்மார், வொல்னே, மெர்சோ வழியாகத் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே சைக்கிள் பாதை போகிறது.

செப்டம்பர் அறுவடைக் காலம். சிறிய தயாரிப்பாளர்கள் பலர் அந்த வாரங்களில் யாரையும் உள்ளே விடமாட்டார்கள், வீட்டில் எல்லாரும் தோட்டத்தில் இருப்பார்கள். தேதியை அக்டோபருக்குத் தள்ள முடிந்தால் தள்ளுங்கள். ஒரு மாதம் முன்பே எத்தனை பேர், என்று, எத்தனை மணிக்கு என்று மின்னஞ்சல் போடுங்கள், நான்கு ஃபிரெஞ்சு வாக்கியம் போதும். சொன்ன நேரத்துக்குப் போங்கள். வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்புவதற்குப் பாத்திரம் வைத்திருப்பார்கள், துப்பினால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். வரும்போது இரண்டு பாட்டிலாவது வாங்குவது மரியாதை. ஞாயிறு இரவும் திங்களும் நிறைய உணவகங்கள் மூடியிருக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாட்டில்களில் ‘பேர் எ ஃபீஸ்’ என்ற வார்த்தை நிறைய வரும். அப்பாவும் பிள்ளைகளும் என்று அர்த்தம். அந்த ஊர் நிலமே குடும்பக் கதைதான். நெப்போலியன் காலத்துச் சட்டப்படி சொத்து எல்லாப் பிள்ளைகளுக்கும் சமபங்கு. தலைமுறை தலைமுறையாகப் பிரிந்து பிரிந்து, வூஜோவில் சுவர் கட்டிய ஐம்பது ஹெக்டேர் தோட்டத்துக்கு இன்று சுமார் எண்பது உடைமையாளர்கள். சிலருக்குச் சில வரிசைக் கொடிகள் மட்டும். நம் பங்காளிகள் கேட்டால் பொறாமைப்படுவார்கள்.

போன் நகரத்தின் நடுவில் வண்ண ஓடு வேய்ந்த பழைய தர்ம ஆஸ்பத்திரி இருக்கிறது. 1443இல் நிக்கோலா ரோலன் என்ற பெரிய அதிகாரியும் அவர் மனைவி கீகோனும் ஏழைகளுக்காக நிறுவியது. கணவர் போன பிறகு கீகோன் அங்கேயே பணிவிடை செய்து, அங்கேயே அடக்கமானார். நீள மண்டபத்தில் சிவப்புத் திரை போட்ட கட்டில்கள் வரிசையாக இருக்கும், பையன் எண்ணட்டும். அந்த ஆஸ்பத்திரிக்கு எழுதி வைத்த தோட்டங்கள் இன்றும் உண்டு. 1859இலிருந்து அந்த ஒயினை ஏலம் விடுகிறார்கள், நவம்பர் மூன்றாவது ஞாயிறு. பணம் ஆஸ்பத்திரிக்குப் போகும். அதே நிறுவனம் முதியோர் இல்லமும் நடத்துகிறது. இதை வைத்து உங்களை ஒரு குத்து குத்த ஆசைதான். போகட்டும்.

ஆறு இரவை இரண்டாக்குங்கள். திருமண நாளுக்கு ஒன்று, இன்னொன்று உங்கள் இஷ்டம். அந்த இரண்டு இரவும் அம்மாவிடம் முதலில் கேளுங்கள், கேட்டபின் பதிலுக்குக் காத்திருங்கள். வீட்டுச் சாவி இன்னொன்று, ஃபோனில் உள்ளூர் சிம், 112 என்று எழுதிய காகிதம் அவர் கையில் இருக்கட்டும். மற்ற நாட்களில் மதியம் சாப்பிடுங்கள், அதே சமையல்காரர் மதியத்தில் பாதி விலைக்கே போடுவது உண்டு. எல்லாரும் சேர்ந்து போங்கள். சைவம், முட்டை இல்லை என்று இரண்டு நாள் முன்பே சொன்னால் அக்கறையுள்ள சமையல்காரர் காளான், பீன்ஸ், உருளைக்கிழங்கு என்று ஏதாவது செய்து தருவார். தராவிட்டால் அது நல்ல உணவகம் இல்லை, விட்டுவிடுங்கள்.

இரண்டு முழு நாள் பையனை உங்கள் கணவர் வைத்துக்கொள்ளட்டும். நீங்களும் அம்மாவும் மட்டும் கடுகு ஆலைக்கும் சந்தைக்கும் போங்கள்.

குக்கரையும் எடுத்துப் போங்கள். அந்த இரண்டு நாளும் ராத்திரி உங்கள் கணவர் அதில் சாதம் வைக்கட்டும். தண்ணீர் எவ்வளவு என்று மாமியாரைக் கேட்க வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒன்றுக்கு இரண்டு. புது அரிசி என்றால் கொஞ்சம் குறைவாக.